பாட்டியின் மூக்குத்தி எங்கே?

மாலை ஐந்து மணி. அடுப்பில் பால் பொங்குகிற சமயம். வாசலில் மணி அடிக்கிறது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தால் சீருடை அணிந்த இரண்டு சிறுமிகள். ஒருத்தி கையில் ரசீதுப் புத்தகம். மற்றவள் கையில் பேனா.

"மாமி, எங்கள் பள்ளிக்கூடத்துக் கட்டிட நிதிக்கு..." என்று ஆரம்பிக்கிறாள் பெரியவள். மேற்கொண்டு சொல்ல வேண்டியது மறந்து போய், சின்னவளை முழங்கையால் இடிக்கிறாள்.

நாம் என்ன செய்கிறோம்? உள்ளே பால் பொங்கி வழிகிற கவலையில், கைக்கு அகப்பட்டதைக் கொடுத்து அனுப்பி விடுகிறோம். ரசீது அலமாரியின் மேல் போய் உட்கார்ந்து கொள்கிறது. ஒரு வாரம் கழித்து, "எந்தப் பள்ளிக்கூடம்?" என்று யாராவது கேட்டால் நமக்கு ஞாபகம் இராது. கொடுத்தவருக்குக் கொடுத்த நிறைவு இல்லை. கேட்ட குழந்தைக்குக் கேட்ட கூச்சம்தான் மிச்சம்.

இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். அதே இரண்டு சிறுமிகள் வருகிறார்கள். கையில் ரசீதுப் புத்தகத்துக்குப் பதில் ஒரு சின்னப் புத்தகம். "மாமி, இது நாங்கள் எல்லோரும் எழுதியது. முப்பத்து நாலாம் பக்கத்தில் என்னுடையது இருக்கிறது. விலை நூறு ரூபாய். பணம் பள்ளிக்கூடத்துக்கு" என்கிறாள். இப்போது நீங்கள் கதவைச் சாத்துவீர்களா? பாலை இறக்கி வைத்து விட்டு வந்து முப்பத்து நாலாம் பக்கத்தைத் தேட மாட்டீர்களா?

பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்டப் பிள்ளைகளே எழுதிய புத்தகம் ஒன்று போடலாம் என்று பெற்றோர் சிலர் கூடிப் பேசினால், அது நல்ல யோசனை என்றே நானும் சொல்வேன். ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் நான் ஒரு தடவை விழுந்து எழுந்தவள். அதைச் சொல்லி விட்டு மேலே போகிறேன்.

தவளையும் போயிற்று

அப்பாவின் உத்தியோகத்தை முன்னிட்டு ஊர் ஊராய் மாறிய நாட்களில், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலர் போட்டார்கள். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

"செய்யாற்றில் எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றில் பாட்டியின் மூக்குத்தி விழுந்து விட்டது. பாட்டி அழவில்லை. தாத்தா வந்து விடுவாரோ என்று வாசலையே பார்த்துக் கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் தண்ணீர் இறைத்தோம். ஒரு தவளைதான் வந்தது."

மலர் வந்தது. அப்பா மூன்று பிரதிகள் வாங்கினார். ஒன்றைப் பாட்டிக்கு எடுத்துக் கொண்டு போனோம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அம்மா உரக்கப் படித்தாள்: "இயற்கை அன்னை மனித குலத்துக்கு வழங்கிய அருட்கொடைகளுள் கிணறும் ஒன்றாகும்..." ஒரு பக்கம் முழுக்க அப்படியே போயிற்று. கீழே என் பெயர்.

பாட்டி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. என் மூக்குத்தி எங்கேடி?" என்றாள்.

எனக்கு அழுகை வந்து விட்டது. மூக்குத்தியும் இல்லை, தவளையும் இல்லை. என் பெயர் மட்டும் இருந்தது. திருத்தியவர் நல்லெண்ணத்தோடுதான் திருத்தியிருப்பார். ஆனால் அதற்கப்புறம் பல ஆண்டுகள் எனக்கு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நான் பார்த்ததும் கேட்டதும் அச்சுக்கு லாயக்கில்லாதவை என்று அந்த வயதிலேயே முடிவு கட்டி விட்டேன்.

சேயின் ஆறு

செய்யாறு என்ற பெயருக்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். குழந்தை முருகன் விளையாடுவதற்காகப் பார்வதி உண்டாக்கிய ஆறு. சேய்க்காக வந்ததால் சேயாறு. அதுதான் செய்யாறு ஆயிற்றாம். ஊர்க்காரர் வாயில் அது 'செய்யார்'. திருவத்திபுரம் என்பது நகராட்சியின் பெயர். திருவோத்தூர் வேதபுரீசுவரர் கோயிலில், திருஞானசம்பந்தர் பாடியதும் ஆண் பனைகள் குலை தள்ளின என்று தல புராணம் சொல்லும். அந்தச் சம்பந்தரும் பிள்ளைப் பிராயத்தில் பாடத் தொடங்கியவர்தான். பிள்ளைகளின் வாக்குக்கு மதிப்புக் கொடுக்க இதை விடப் பொருத்தமான ஊர் வேண்டுமா?

மேற்கே ஆரணி, வடகிழக்கே காஞ்சிபுரம். இரண்டுமே பட்டுக்குப் பெயர் போன ஊர்கள். நடுவில் செய்யாறும் அதைச் சுற்றிய கிராமங்களும். பல வீடுகளில் தறி ஓசைதான் பிள்ளைகளுக்குத் தாலாட்டு. கல்யாணத்துக்கு நாம் கட்டிக் கொள்ளும் புடவையில் எத்தனை வீட்டுக் கதை இருக்கிறது! ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையிடம் நாம் கேட்பது, "மரம் வளர்ப்போம் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுது" என்றுதான்.

ஊர் கூடிக் கொடுத்த காலம்

பள்ளிக்கூடத்துக்காக ஊர் கூடிக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்த போது பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. நம் செய்யாற்றுக்கு அண்டையில், காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் 1912-ம் ஆண்டு பிறந்தவர் அவர். 1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஒன்று கூட்டப்பட்டது. பின்பு அது ஊர் ஊராகப் பரவியது.

நடந்தது இதுதான். பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முதலில் ஒரு ஜாபிதா தயாராகும். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தண்ணீர்ப் பானை, புத்தகம், சுவருக்கு வெள்ளை, சில இடங்களில் நிலம், கட்டிடம். அந்த ஜாபிதாவைப் பார்த்து அவரவர் தம்மால் ஆனதை ஏற்றுக் கொள்வார்கள். பணக்காரர் கட்டிடம் கட்டிக் கொடுத்தால், ஏழைக் குடியானவர் ஒரு பானை வாங்கிக் கொடுத்தார். எதற்காகக் கொடுக்கிறோம் என்பது கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்த பொருள் கண்ணெதிரே நின்றது. அந்த இயக்கம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைக்கும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று 2022 டிசம்பரில் தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கி, பழைய மாணவர்களையும் தொழில் நிறுவனங்களையும் கொடுக்க அழைத்தது. எல்லாம் சரி. இரண்டிலும் கொடுப்பவர்கள் பெரியவர்கள். வாங்கிக் கொள்பவர்கள் பிள்ளைகள். பிள்ளைகளிடமும் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது என்பதைத்தான் இந்தப் புத்தகம் காட்ட வேண்டும்.

நத்தைப் பந்தயம்

பிரான்சு தேசத்தின் தெற்கே பார்-சூர்-லூ என்று ஒரு மலைக் கிராமம். அங்கே 1920-ல் வந்து சேர்ந்தார் செலஸ்தேன் ஃபிரெனே என்ற இளம் உபாத்தியாயர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். நீண்ட நேரம் சத்தம் போட்டுப் பாடம் நடத்த அவரால் முடியாது. வேறு வழி தேட வேண்டியிருந்தது.

ஒரு நாள் பிள்ளைகள் நத்தைகளைக் கொண்டு வந்து வகுப்பிலேயே பந்தயம் விட்டார்களாம். வேறொருவராயிருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். ஃபிரெனே அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பிள்ளைகள் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினார். சோம்பிக் கிடந்த பையன்களுக்கெல்லாம் அன்று படிப்பில் அக்கறை வந்து விட்டது. 1924-ல் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கினார். பிள்ளைகளே எழுதினார்கள்; எதை அச்சிடுவது என்று பிள்ளைகளே தீர்மானித்தார்கள்; எழுத்துக் கோத்ததும் அவர்கள்தான். தூரத்தில், பிரிட்டனி என்ற கடலோரப் பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்கும் தம் எழுத்தை அனுப்பினார்கள். மலைப் பிள்ளைகளின் கதை கடற்கரைக்குப் போயிற்று. கடற்கரைக் கதை மலைக்கு வந்தது. நத்தை அச்சேறியதால்தான் இத்தனையும் நடந்தது. 'நத்தையின் நற்குணங்கள்' என்று திருத்தியிருந்தால் நடந்திருக்குமா?

எழுத வைப்பது எப்படி?

முதல் விதி: பொதுத் தலைப்புக் கொடுக்காதீர்கள். 'தாய்நாடு', 'சுற்றுச்சூழல்' என்றால் பிள்ளை பாட்டுப் புத்தகத்தையும் கோனார் உரையையும் தேடும். "உங்கள் தெருவில் முதலில் எழுந்திருப்பவர் யார்?", "வீட்டில் எதைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்?", "பாவு நீட்டும் போது நீ எந்தப் பக்கம் நிற்பாய்?", "மழை வந்தால் முதலில் எதை உள்ளே எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். இவற்றுக்கு உரைநூலில் பதில் கிடையாது.

எழுத வராத பிள்ளை இருந்தால்? சொல்லச் சொல்லுங்கள். ஒரு தாயார் உட்கார்ந்து, சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொள்ளட்டும். முதல் வகுப்புக் குழந்தை இரண்டு வாக்கியம் சொன்னால் போதும்.

பெரிய வகுப்புக்கு இன்னொரு முறை உண்டு. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், பள்ளிக்கூடங்கள் தள்ளி விட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய புத்தகம் 1967-ல் வெளிவந்து உலகம் சுற்றியது. தமிழிலும் வந்திருக்கிறது. அவர்கள் எழுதிய விதம் எந்த வீட்டிலும் செய்யக் கூடியது. தோன்றுகிற ஒவ்வொரு எண்ணத்தையும் ஒரு தனித் துண்டுக் காகிதத்தில் எழுதுவது. எல்லாத் துண்டுகளையும் மேஜை மேல் பரப்பி, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக அடுக்குவது. பிறகு வரிசைப்படுத்தி, வேண்டாததை எடுத்து விடுவது. கறிகாய் ஆய்கிற மாதிரிதான். பத்துப் பேர் சேர்ந்து, "எங்கள் ஊர்ச் சந்தை" என்று ஓர் அத்தியாயமே எழுதி விடலாம்.

இரண்டாவது விதி: திருத்துகிறவர் கையில் சிவப்பு மை வேண்டாம், பென்சில் போதும். எழுத்துப் பிழையைத் திருத்தலாம். அச்சில் பிழையோடு வந்தால் பிள்ளைக்குத்தான் அவமானம். ஆனால் வாக்கியத்தை மாற்றக் கூடாது. வீட்டுப் பேச்சுச் சொல்லை மாற்றக் கூடாது. நெசவாளர் பிள்ளை 'தார்' என்று எழுதியிருந்தால், ஊடை நூல் சுற்றிய சின்னக் குழல் என்று அடியில் ஒரு வரி போடுங்கள். சொல்லை எடுத்து விடாதீர்கள். ஏதாவது புரியவில்லையா? பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் சொல்கிற பதிலில் இன்னும் நல்ல வாக்கியம் ஒன்று கிடைக்கும்.

கணக்கும் கருணையும்

மூன்றாவது விதிதான் முக்கியமானது: ஒரு பிள்ளை கூட விட்டுப் போகக் கூடாது.

"அதெப்படி? நன்றாக எழுதிய இருபது பேருடையதைப் போட்டால்தானே புத்தகம் நன்றாக இருக்கும்?" என்பீர்கள். அதற்குத்தான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பேச்சுக்காகச் சொல்லும் கணக்கு. விலைவாசியை உங்கள் ஊர் அச்சகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள்.

பள்ளியில் 240 பிள்ளைகள். பக்கத்துக்கு மூன்று பேர் வீதம் 80 பக்கம். முன்னுரை, விளம்பரம், வரவு செலவு எல்லாவற்றுக்கும் 16 பக்கம். ஆக 96 பக்கம். பதினாறு பக்கப் பாரமாக ஆறு பாரம். 300 பிரதிகள் அச்சிட, பிரதிக்கு 60 ரூபாய் வீதம் 18,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். விலை 100 ரூபாய். எல்லாம் விற்றால் 30,000. மிச்சம் 12,000. விளம்பரத்திலேயே அச்சுக் கூலி வந்து விட்டால் 30,000 ரூபாயும் பள்ளிக்கு.

இருபது பேருடையதை மட்டும் போட்டால் யார் வாங்குவார்கள்? அந்த இருபது வீட்டார் வாங்குவார்கள். மற்ற 220 வீடுகளிலும், "உன்னுடையது எங்கே?" என்று பிள்ளையைக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? எல்லோருடையதும் இருந்தால் பாட்டி, அத்தை, சித்தப்பா என்று வீட்டுக்கு வீடு கேட்டு வாங்குவார்கள். இந்த ஒரு காரியத்தில் கணக்கும் கருணையும் ஒரே பக்கம் நிற்கின்றன.

அதற்காக, "ஆளுக்கு ஒரு பிரதி வாங்கியே தீர வேண்டும்" என்று கட்டாயப்படுத்தக் கூடாது. நூறு ரூபாய் பெரிய தொகையாக இருக்கும் வீடுகள் உண்டு. எழுதிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரதி இலவசம் என்று வைத்து விட்டால் நல்லது. அதற்கேற்ப அதிகப் பிரதிகள் போட்டு, அந்தச் செலவை விளம்பரத்தில் சரிக்கட்டலாம். ஜவுளிக் கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை எல்லாம் அரைப் பக்கம் கொடுப்பார்கள். ஆனால் பெரிய மனிதர்களின் வாழ்த்துச் செய்தியும் படமும் முதல் முப்பது பக்கத்தை அடைத்துக் கொள்ள விடாதீர்கள். முதல் பக்கம் முதல் வகுப்புக் குழந்தைக்கு.

தார் சுற்றும் பையன்

இனி, கொஞ்சம் கஷ்டமான விஷயம்.

உண்மையை எழுதச் சொன்னால் பிள்ளைகள் உண்மையையே எழுதி விடுவார்கள். "ராத்திரி பதினொரு மணி வரை தார் சுற்றுவேன். காலையில் வகுப்பில் தூக்கம் வரும்" என்று ஒரு பையன் எழுதிக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் கோர்வைப் புடவைக்குத் தறியில் ஒரு கை போதாது. பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். பல காலம் அந்த இடத்தில் பிள்ளைகளே உட்கார்ந்திருக்கிறார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016-ல் அதைத் திருத்தி, பதினாலு வயது ஆகாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள். குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில் உதவுவதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்கின் ஓரத்தில்தான் இந்தப் பையனின் ராத்திரி பதினொரு மணி நிற்கிறது.

இரண்டு தப்பான வழிகள் உண்டு. ஒன்று, "பள்ளிக்குக் கெட்ட பெயர்" என்று அந்தத் தாளைக் கிழித்துப் போடுவது. மற்றொன்று, "இதைப் போட்டால் பார்க்கிறவர் மனம் இளகும், பணம் வரும்" என்று அவன் பெயரையும் போட்டோவையும் முகப்பில் போடுவது. முன்னது அவன் வாயை மூடுகிறது. பின்னது அவன் தாயாரைத் தெருவில் தலை குனிய வைக்கிறது.

சரியான வழி மெதுவான வழி. முதலில் அவனைத் தனியாகக் கேட்க வேண்டும். பிறகு அவன் தாயாரை உட்கார வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் இருவரும் சரி என்றால் போடலாம். பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமல் போடலாம். வேண்டவே வேண்டாம் என்றால், அவன் வேறு ஒன்று எழுதட்டும். பட்டாம்பூச்சியைப் பற்றி எழுதவும் அவனுக்கு உரிமை உண்டு. எழுதியது எழுதியவனுக்கே சொந்தம் என்பது 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. அதில் வயது வித்தியாசம் கிடையாது.

ஆனால் அச்சில் வராவிட்டாலும் அந்தத் தாள் வீணாகக் கூடாது. பையன் ஏன் வகுப்பில் தூங்குகிறான் என்பது இப்போது ஆசிரியைக்குத் தெரிந்து விட்டது. வீட்டாரோடு பேச வேண்டும். அதைச் செய்யாமல் புத்தகம் விற்று மின்விசிறி மாட்டினால், அவன் அந்தக் காற்றில் இன்னும் நன்றாகத் தூங்குவான். வேறு பிரயோசனம் இல்லை.

கடைசிப் பக்கம்

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எதற்காகப் பணம், அச்சுக்கு என்ன ஆயிற்று, விளம்பரத்தில் என்ன வந்தது என்று அச்சிட்டு விடுங்கள். விற்று முடிந்ததும் மொத்தக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் படியுங்கள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் உள்ள அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். வீட்டுக் கணக்கில் நாலணாத் துண்டு விழுந்தாலும் கண்டுபிடிக்கிற நமக்கு இந்தக் கணக்கா பிரமாதம்?

வெளியீட்டு விழாவில் மேடையில் பேசப் பிள்ளைகளை விடுங்கள். பத்துப் பேர் தாம் எழுதியதைத் தாமே படிக்கட்டும். சென்னையில் எந்த மந்திரியையும் தேடி அலைய வேண்டாம்.

பிள்ளைகளின் எழுத்து அச்சாவது இன்று அபூர்வமல்ல. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022-ல் தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களில் அவர்களுடைய படைப்புகளும் வருகின்றன. ஆனால் மாநிலம் முழுவதற்குமான இதழில் எல்லாப் பிள்ளைக்கும் இடம் கிடைக்குமா? அந்த இடத்தை ஊர்ப் புத்தகம்தான் கொடுக்க முடியும்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு யோசனை வந்தால், திருத்துகிற வேலையை நீங்கள் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். கிணற்றைப் பற்றி ஒரு பெண் எழுதிக் கொண்டு வருவாள். அதில் ஒரு தவளை இருக்கும். அதை எடுத்து விடாதீர்கள்.

எங்கள் பாட்டி இப்போது இல்லை. மூக்குத்தி கடைசி வரை கிடைக்கவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் அது அச்சில் ஏறியிருக்கிறது.